கடைசி பெஞ்சில் கணக்கு டீச்சர்

எங்கள் பள்ளி ஆசிரியர்களின் ஒற்றுமையைப் பார்க்க வேண்டுமானால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வர வேண்டும். ஒருவர் டப்பாவைத் திறந்தால் எல்லாப் பக்கமிருந்தும் கரண்டி நீளும். சாரல் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை விடியுமுன்பே வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போவோம்; பாதிப் பேர் குளிக்க, பாதிப் பேர் பை காக்க, அப்படி ஒரு கட்டுக்கோப்பு. பாடம் நடத்துவது மட்டும் அவரவர் தனிச் சொத்து. அடுத்தவர் வகுப்பில் போய் உட்காருவது அடுத்தவர் வீட்டு அடுக்களைக்குள் செருப்போடு நுழைவதற்குச் சமம். ஆய்வுக்கு அதிகாரி வரும்போதுதான் கடைசி பெஞ்சில் ஒரு பெரிய ஆள் உட்காருவார். அன்றைக்கு எல்லோரும் கலர் சாக்பீஸ் எடுப்போம்.

நான் அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இதைச் சற்று உரக்கவே சொல்வேன். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களில் நின்று ஊரெல்லாம் படம் எடுத்துக்கொள்கிறதே, அந்தப் படங்களின் ஓரத்தில் குனிந்து களை பறிப்பவர்களில் என் அம்மாவும் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "எம்மவ பத்தாப்புக்குக் கணக்கு எடுக்கா" என்று சொல்லாமல் அப்பா டீக்கடையில் டீ குடித்ததில்லை. கேட்டவர்களே திரும்பக் கேட்டாலும் அவருக்கு அலுக்காது.

காலாண்டுத் தேர்வில் அந்தப் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் என் பாடத்தில் தேறவில்லை. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க நல்லாத்தான் எடுக்கீங்கம்மா. ஆனா அரையாண்டுலயும் இப்படியே வந்தா பத்தாப்ப சீனியர்ட்ட குடுத்திருவேன். நீங்க ஆறாப்பு பாத்துக்கிடுங்க. தப்பா நினைக்கக் கூடாது."

நான் தப்பாக நினைக்கவில்லை. அதைவிட மோசமாக நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். அப்பாவிடம் இனி ஆறாம் வகுப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர் அறையில் அறிவியல் விடைத்தாள்கள் திருத்தி அடுக்கப்பட்டிருந்தன. சும்மா புரட்டினேன். என் தாளில் தூரம், வேகம், நேரம் கணக்கை அப்படியே வெள்ளையாக விட்டிருந்த ஒரு பெண், அறிவியலில் மின்னோட்டக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். இரண்டும் ஒரே வேலைதான்: மூன்றில் இரண்டைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்பது. அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இதையும் அதையும் பாரு. ரெண்டும் ஒரே கணக்குதான?"

"இல்ல டீச்சர், அது சயின்ஸ் கணக்கு. முக்கோணம் போட்டு மூணையும் அதுக்குள்ள எழுதி, வேணுங்கதை விரலால மறைச்சா விடை வந்துரும்."

"அதை இங்கன போட்டா என்ன?"

"நீங்கதான டீச்சர் முக்கோணத்த வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னு சொன்னீங்க. சயின்ஸ் சாரு உங்க சமன்பாட்ட வாசல்லயே விட்டுட்டு வரச் சொல்லுதாக."

வாசலில் இவ்வளவு கிடந்தால் உள்ளே என்ன மிஞ்சும்?

அறிவியல் ஆசிரியர் என்னைவிட மிகவும் மூத்தவர். வீரகேரளம்புதூர்ப் பக்கம் வயல் இருந்தது. காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பொழுதுபோக்காக நடத்துபவர் போல வருவார்.

"சார், நாளைக்கு உங்க பீரியட்ல பின்னால உக்காந்துக்கிடட்டா?"

"எதுக்கு? ஹெச்.எம். அனுப்புனாகளா?"

"நானாத்தான் சார் வாரேன்."

"தானா வாரவங்களுக்குத்தான் பயப்படணும். சரி, வாங்க. ஆனா மறுநாள் நான் உங்க கிளாசுக்கு வருவேன், பாத்துக்கிடுங்க."

மறுநாள் மதியத்துக்குள் நான் உளவாளி என்று முடிவாகிவிட்டது. என் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு ஒரு கரண்டியும் நீளவில்லை. தமிழாசிரியை ஊறுகாய்ப் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நம்ம ஊறுகாயெல்லாம் பிடிக்குமோ என்னமோ" என்றார். பிடிக்கும்தான். கொடுக்கவில்லை.

அறிவியல் ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் விரல் வைத்து மறைத்து மறைத்து, விசில் அடிக்காத குறையாக விடை சொன்னார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. முக்கோணத்தில் அடங்காத ஒரு கணக்கு வந்ததும் விரல்கள் எல்லாம் காற்றில் நின்றன. அப்போதுதான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் அவர் என் வகுப்புக்கு வந்தார். பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் முழங்காலை நுழைப்பதற்கே நேரமாயிற்று. மணி அடித்ததும் வராந்தாவில் நிறுத்தினார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. எழுதுத வேகத்துல அழிச்சிருதீங்க. பிள்ளைக மூணாவது வரியில நிக்கு, நீங்க ஆறாவது வரிக்குப் போயிருதீங்க."

"நீங்க விரலை வச்சு மறைக்கீங்களே, ஏன் மறைக்கணும்னு ஒரு பிள்ளைக்காவது தெரியுமா சார்?"

"விடை வருதுல்லா?"

"முக்கோணம் இல்லாத கணக்குக்கு எங்க சார் வந்துச்சு?"

"இதைப் பிள்ளைக முன்னால வந்து சொல்லுங்க பாப்போம்."

சொல்லாமல் விட என்னால் முடியுமா? அடுத்த நாள் ஒரே பாடவேளையில் இரண்டு பேரும் நுழைந்தோம். கரும்பலகையை நடுவில் கோடு கிழித்துப் பாகம் பிரித்தோம், சொத்துத் தகராறு மாதிரி. தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸின் தூரத்தையும் வேகத்தையும் கொடுத்து, நேரம் கேட்கும் கணக்கு. இந்தப் பக்கம் என் சமன்பாடு, அந்தப் பக்கம் அவர் முக்கோணம்.

"நான் மதுரைக்குப் போயி டீயும் குடிச்சாச்சு. உங்க டீச்சர் இன்னும் கடையநல்லூரைத் தாண்டலை, பாத்துக்கோங்கலே."

"சார் பஸ்ல தூங்கிக்கிட்டே போனவுக. வழி கேட்டா சொல்லத் தெரியாது."

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புத் தமிழாசிரியை எட்டிப் பார்த்தார். அதிகாரி இல்லாமலே எட்டிப் பார்த்தார் என்பதைக் குறித்துக்கொண்டேன். அப்போது என் தாளை வெள்ளையாக விட்டிருந்த அந்தப் பெண் எழுந்தாள்.

"சார் விரலால மறைக்கதும், டீச்சர் வேகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோயி வகுக்கதும் ஒண்ணுதான?"

நாங்கள் இருவரும் பலகையைப் பார்த்தோம். ஒன்றுதான். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு பிள்ளை சொல்ல, சம்பளம் வாங்கும் இரண்டு ஆசிரியர்கள் அவள் கண் முன்னால் சண்டை போட வேண்டியிருந்தது. தனித்தனி அறையில் இருந்துகொண்டு எவ்வளவு நன்றாக நடத்தியும் அது வரவில்லை.

அதன்பின் வாரம் ஒரு முறை சண்டை. புதன்கிழமை வந்தால் பிள்ளைகள் லீவு எடுப்பதில்லை. அவர் முக்கோணத்துக்கு அடியில் காரணத்தை ஒரு வரி எழுத ஆரம்பித்தார், வேண்டா வெறுப்பாக. நான் பலகையை அழிக்குமுன் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன், அதேபோல.

அரையாண்டுத் தேர்வில் எல்லோரும் தேறிவிடவில்லை. எந்த முக்கோணத்துக்கும் சமன்பாட்டுக்கும் பிடிகொடுக்காத சிலர் இன்னும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண் தேறினாள். காலாண்டில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பத்தாப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்மா, பப்ளிக் வரைக்கும் நீங்களே பாருங்க" என்றார். நான் பெரிதாகச் சந்தோஷப்படாதது போல நின்றேன். "ரெண்டு பேரும் சேந்து எடுத்ததைப் பத்தி ஆபீசுக்கு எழுதணும். ஒத்துழைப்புன்னு தலைப்புப் போட்டுருதேன். இது யாரு யோசனை?"

"என்னோடது" என்றேன்.

"என்னோடது" என்றார் அவர், அதே நொடியில்.

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு, வெளியே போய்ப் பேசி முடிவு செய்துகொண்டு வரச் சொன்னார். வராந்தாவில் மணி அடிக்கும்வரை பேசினோம். முடிவாகவில்லை.