பாலத்துக்கு அடியில் ஒரு காய்ந்த வழி

அரியாங்குப்பத்துக்கு அப்பால் ஆற்றில் போய்ச் சேரும் ஓடைக்குச் சின்னப் பாலம் ஒன்று வரையும் வேலை, பொறியாளரான என்னிடம் வந்தது. அங்கே சாலைக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு சிமெண்ட் குழாய்கள் இருந்தன. மழைக்காலத்தில் அவை நிரம்பி ஓடும். கரையோரமாக வரும் நரியும் கீரியும் சாலையில் ஏறித்தான் கடக்கும். நான் இடம் பார்க்கப் போன அன்றே நரி ஒன்று அடிபட்டுக் கிடந்தது. அதன் மேல் வண்டியை விட்டு விழுந்தவருக்கு முழங்கை உடைந்திருந்தது.

குழாய்களை எடுத்துவிட்டு அகலமான பாலம் போடலாம், அதற்குக் கீழே இரண்டு கரையிலும் விலங்குகள் நடக்கக் குறுகலான மேடை விடலாம் என்று வரைந்தேன். மேலதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நரிக்கு பிளாட்பாரமா? ஊர்ல மனுஷனுக்கே இல்லம்மா."

முழங்கை உடைந்தவரைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். "வெள்ளத்துல அது முழுகிச்சின்னா என் மூஞ்சில முழிக்காத."

வெள்ளம் எவ்வளவு உயரம் வரும்? கோப்பில் இருந்த அளவை நம்ப மனம் வரவில்லை. ஓடையை ஒட்டிய முதல் வீட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். வாசற்படிக்குச் சற்றுக் கீழே, வெளிச்சுவரில் கையை வைத்துக் காட்டினார். கோப்பில் இருந்ததைவிட முழங்கால் அளவு உயரம்.

"நெசமாவாக்கா?"

"பொய் சொல்லி எனக்கு இன்னா கெடைக்கப்போவுது? அரிசி மூட்டைய கட்டில் மேல வெச்சிட்டு நாங்க தண்ணிலதான் நின்னோம். அதுக்கப்பறந்தான் வூட்ட ஒசத்திக் கட்டினோம்."

மேடையை உயர்த்தினேன். மேடை உயர்ந்ததால் பாலம் உயர்ந்தது. பாலத்துக்கு ஏறும் சாலை அந்த அக்காவின் வாசலைவிட உயரமாகிவிட்டது. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாலையோரம் வடிகால் வரைந்தாயிற்று, அது போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பாலம் முடிந்தது. வடிகால் தோண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் காலை, சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து நனைந்துகொண்டே போனேன். பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மேடைக்கும் தண்ணீருக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. கொஞ்ச நேரத்தில் மூன்றானது. பிறகு இரண்டு. கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"மேடம், அங்க இன்னாத்த பாக்குற? இங்க வந்து பாரு!"

அக்காதான். சாலையில் பெய்த மழைத் தண்ணீர் முழுவதும் சரிவில் இறங்கி அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கணுக்கால் அளவு. மீன் கூடை மிதந்தது.

"ஓடத் தண்ணி எவ்ளோ வரும்னு நீ கேட்ட, நான் சொன்னேன். ரோட்டுத் தண்ணி என் வூட்டுக்குள்ள வரும்னு நீ ஏன் சொல்லல?"

ஒப்பந்ததாரருக்குப் போன் செய்தேன்; எடுக்கவில்லை. மேலதிகாரிக்குச் செய்து, "தப்பு என்னுதுதான் சார்" என்றேன். "ஜேசிபி அனுப்பறேன், அங்கயே இரு" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அது வரும்வரை அக்காவோடு சேர்ந்து பக்கெட்டால் தண்ணீரை இறைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மதியம் இயந்திரம் வந்து வாசலுக்கு முன்னால் பள்ளம் வெட்டியது. தண்ணீர் திரும்பி ஓடைக்குப் போனது. பாலத்துக்கு ஓடினேன். மேடைக்கு ஒரு விரல் கீழே வெள்ளம் நின்றிருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

மழை விட்ட வாரத்தில் மறுபடி போனேன். மேடையில் சேற்றுக் கால் தடங்கள். தெருநாயா, நரியா, எனக்குத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி அக்காவை அழைத்தேன். வந்து குனிந்து பார்த்தார்.

"நரிதான். நாயா இருந்தா கண்டபடி சுத்தியிருக்கும். இது ஒரே கோடா போயிருக்குது பாரு."

நிமிர்ந்தவர் கேட்டார்: "அந்தப் பள்ளத்துக்கு சிமெண்ட் எப்ப போடுவ?"

"சீக்கிரம்க்கா."

"சீக்கிரம்லாம் வேணாம். நாளச் சொல்லு."

வரும் திங்கட்கிழமை என்றேன். அன்று ஆட்கள் வருவதற்கு முன்பே போய், வேலை முடியும்வரை அவர் வாசலில் நின்றேன்.