பேர் அழியாமல் பாலீஷ்

பித்தளைப் பாத்திரத்துக்குப் பாலீஷ் போடுகிறவனுக்கு முதலில் கறுப்பது கை, அதற்கப்புறம் முகம். கை தினமும் கறுக்கும். முகம் கறுப்பது, வாடிக்கையாளர் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் நிற்கிறாரே, அப்போது. வாட்ச் ரிப்பேர், ரேடியோ ரிப்பேர், தையல் மெஷின் ரிப்பேர் என்று அடுத்தவர் பொருளில் கை வைத்துப் பிழைக்கும் என் இனத்தார் எல்லாருக்கும் அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை வெங்கலக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், எனக்கும் காதர் பாய்க்கும் கூட்டாக ஒரு பட்டறை இருந்தது. ஒடுக்கு எடுப்பது, ஒட்டுப் போடுவது, பாலீஷ் போடுவது, கேட்ட மாதிரி விளக்கு செய்து தருவது எல்லாம் என் பாடு. பாத்திரத்துக்குள் ஈயம் பூசுவது பாயின் பாடு. சுருக்கமாகச் சொன்னால், பாத்திரத்துக்கு வெளியே நான், உள்ளே அவர்.

மோட்டார் வந்தது

கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பழைய பாலீஷ் மோட்டார் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. அதுவரை எங்கள் பாலீஷ் என்றால் புளி, செங்கல் பொடி, தோள்பட்டை வலி, இவ்வளவுதான். மோட்டாரைப் போட்டு, சுற்றுகிற துணிச் சக்கரத்தில் ஒரு கறுத்த செம்பைக் காட்டினேன். அடேயப்பா! கண் மூடித் திறப்பதற்குள் செம்பில் என் முகம் தெரிந்தது, மீசை நரை உட்பட.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த பாத்திரங்கள் தீர்ந்ததும் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி வந்து பாலீஷ் போட்டேன். சைக்கிள் பெல்லைக்கூட விடவில்லை. ஈயப் பட்டறையில் கரியை ஊதிக்கொண்டிருந்த காதர் பாய் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மாப்ள, கைக்குப் பாவ புண்ணியம் தெரியும், மெசினுக்குத் தெரியாது. நிறுத்துற எடம் பாத்து நிறுத்து."

கே.கே. நகர் பூச்சாடி

கே.கே. நகரிலிருந்து ஒரு வங்கி அதிகாரியின் மனைவி வந்தார். மாமனார் ஊரில் பரணில் கிடைத்ததாம், இடுப்பு சிறுத்து வாய் அகன்ற ஒரு வெங்கலப் பாத்திரம். "பூ வைக்கிற மாதிரி அழகாப் பண்ணிக் குடுங்க" என்றார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது படிக்கம். பெரிய வீடுகளில் வெற்றிலை எச்சில் துப்புவதற்கென்றே வைத்திருப்பது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வேலை முடிந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றி, சம்பங்கிக் கொத்தை வைத்து, டீப்பாய் நடுவில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். வாய் நிறைய வெற்றிலை. பூச்சாடியைப் பார்த்ததும் மனிதருக்குக் கண்ணெல்லாம் ஒளி. தாடையை மேலே தூக்கிக்கொண்டு, சிந்தாமல் சிதறாமல் மருமகளிடம் சொன்னார்: "அட, நம்ம படிக்கம்! பூவ எடும்மா, எம்புட்டு நேரந்தான் வாயில வச்சுக்கிட்டு நிக்கிறது?"

ஆனையூர்த் தவலை

அன்று அந்த வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்த ஆனையூர் செல்லம்மா அக்கா. சொந்தமாக வயலும் கிணறும் உள்ள வீட்டுப் பெண்மணி. படிக்கத்தின் மினுமினுப்பில் மயங்கி, மறுநாளே டவுன் பஸ்ஸில் ஒரு பித்தளைத் தவலையை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய காலஞ்சென்ற தாயார் சோறு வடித்த தவலை அது. பேத்திக்குத்தான் என்று சாகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். வெள்ளிக்கிழமை கல்யாணம். சீர் வரிசையில் நடுநாயகமாக இதுதான் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரே உற்சாகம். மோட்டாரைப் போட்டுத் தவலையை உருட்டி உருட்டிக் காட்டினேன். கழுத்துப் பக்கம் என்னவோ சொரசொரவென்று இருந்தது. விடாப்பிடி அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அதுவும் போயிற்று. தவலை பொன்னாகத் தகதகத்தது. செவ்வாய்க்கிழமை மகள் ராணியையும் கூட்டிக்கொண்டு செல்லம்மா அக்கா வந்தார். தகதகப்பை அவர் பார்க்கவே இல்லை. கழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று திருப்பினார். இன்னொரு சுற்று திருப்பினார். பிறகு கேட்டார்: "எங்காத்தா பேரு எங்க தம்பி?"

கால்

நம் ஊரில் பேர் வெட்டாத பாத்திரம் உண்டா? அது தெரிந்தும், அழுக்கென்று நினைத்து அழித்திருக்கிறேன். முகம் கறுத்தாலும் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேர் வெட்டுவதில் எனக்கு நல்ல பேர். "சொல்லுங்கக்கா, இப்பவே வெட்டித் தாரேன்" என்றேன். அவர் பேரைச் சொன்னதும் சாக்பீஸை எடுத்துக் கழுத்தில் 'ராக்காயி' என்று எழுதிக் காட்டினேன். உளி வைப்பதற்கு முன்னால் எழுதிக் காட்டுவது என் வழக்கம். அந்த நல்ல வழக்கம் மட்டும் இல்லாவிட்டால் அன்று என் கதி என்ன ஆகியிருக்குமோ!

செல்லம்மா அக்காவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் முதல் எழுத்திலேயே அவர் விரல் நின்றுவிட்டது. "இதென்ன கம்பு? எங்காத்தா பேர்ல இந்த எடத்துல இது கெடயாது" என்றார். ராணி விளக்கினாள். அந்தக் காலத்தில் பேர் வெட்டியவர் 'ரா'வுக்குக் கால் போட மறந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ராக்காயி அம்மாள், அந்தத் தவலையைப் பார்த்துப் பார்த்துச் சாம்பலில் எழுதித்தான் கையெழுத்துப் போடவே பழகினார். ரேஷன் கார்டு, வயல் பத்திரம் எல்லாவற்றிலும் அவர் 'ரக்காயி'தான். கைநாட்டுக் காலத்தில் கையெழுத்துப் போட்ட பெண் என்று ஊரில் அதற்கு ஒரு மரியாதையே உண்டாம்.

காலை அழித்துவிட்டு எழுதினேன். கடைசி எழுத்து கொஞ்சம் மேலே ஏறியிருக்கும் என்றார். ஏற்றி எழுதினேன். இப்படி இல்லை என்றார். ஏழெட்டுத் தரம் எழுதி அழித்தேன். ஒன்றுமே அவர் தாயாரின் பேராக இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பாத்தாத் தெரியும் தம்பி, சொல்லத் தெரியல. பேரில்லாத பாத்திரத்தச் சபையில வச்சு, எங்காத்தா குடுத்ததுன்னு எப்புடிச் சொல்லுவேன்?" என்றார்.

உள்ளே

காதர் பாய் எங்கள் பேச்சில் தலையிடவே இல்லை. பேர் எப்படியானாலும் ஈயம் பூசித்தானே ஆக வேண்டும் என்று தவலையைத் தூக்கிக்கொண்டு போனார். கையை உள்ளே விட்டுப் பழைய ஈயத்தைத் தடவியவர், கழுத்துக்கு நேரே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினார். பிறகு தவலையை நெருப்பில் காட்டி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் வழித்து எடுத்துவிட்டு, "மாப்ள, ஓடியா!" என்று கத்தினார்.

ஓடினேன். வெளியே உளி குத்திய ஒவ்வொரு இடத்துக்கும் உள்பக்கம் ஒரு சின்னப் புடைப்பு! கடுகு கடுகாக வரிசை கட்டி நின்றன. வெளியே நான் தேய்த்து அழித்த பேர் உள்ளே அப்படியே இருந்தது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக. தவலை முழுசாக ஆறும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. மெல்லிய காகிதத்தை உள்ளே ஒட்டிப் பென்சிலால் தேய்த்து, எடுத்து, திருப்பி வெயிலில் பிடித்தேன். கால் இல்லாத ரகரம், சாய்ந்த ககரங்கள், படியேறுகிற கடைசி எழுத்து! படியில் உட்கார்ந்திருந்த செல்லம்மா அக்காவைப் பார்த்து பாய் கூவினார்: "உங்காத்தா எங்கயும் போகல தாயி, உள்ள திரும்பி உக்காந்திருக்காக!"

ராணி

காகிதத்தைக் கழுத்தில் ஒட்டி, பென்சில் புள்ளிமேல் புள்ளியாக நானே உளி வைத்தேன். மோட்டார் பக்கம் திரும்பக்கூட இல்லை. காகிதத்தைக் கிழித்ததும் செல்லம்மா அக்கா விரலை வைத்தார். ர. க். கா. யி. விரல் எங்கும் நிற்கவில்லை. கடைசியில் மேலே ஏறி இறங்கியது. அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன், மறைப்பானேன். பாய் மட்டும் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

பிராயச்சித்தமாக, மணப்பெண் பேரையும் கீழே வெட்டித் தருகிறேன் என்றேன். இருவருக்கும் சந்தோஷம். சாக்பீஸால் 'ர' எழுதிவிட்டு, வீட்டு வழக்கம் எப்படியோ என்று தெரியாமல் ராணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பதறிப்போய்ச் சொன்னாள்: "அண்ணே, எனக்குக் கால் போட்ருங்க, நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸு!"

தலைகால் புரியாமல் மோட்டாரை ஓட்டியவனுக்கு, தலை இன்னும் பிடிபடவில்லை என்றாலும், கால் நன்றாகப் புரிந்துவிட்டது.