நைனா போகாத சாவு வீடு

நைனா, எங்கள் அப்பா, போய் ஓராண்டு முடிந்து, அவர் படத்துக்கு மாலை சாத்தி, இந்த நினைவு மலரை உங்கள் கையில் தருகிறோம். உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று தங்கை சொன்னாள். முயன்றேன், முடியவில்லை.

நைனா பிறந்தது நகரியில், தறி ஓடும் வீட்டில். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, அவரைச் சட்டம் படிக்க வைத்தவர் அவருடைய அண்ணன், எங்கள் பெரிய நைனா. பவர்லூம் சத்தத்தில் காது மந்தமாகும்வரை உழைத்தார். "எங்க வூட்ல ஒருத்தன் கறுப்பு கோட்டு போட்டுக்கினு நிக்கணும்" என்பாராம். நைனா கோட்டு போட்டார், முன்சீப் ஆனார், ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் சித்தூருக்கு ஜட்ஜாக வந்தார். நீதி விஷயத்தில் நெருப்பு. தமிழ்க்காரர் யாராவது சாட்சி சொன்னால், தெலுங்கில் எழுதியதைத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "சரிதானா பெரியவரே?" என்று கேட்காமல் விடமாட்டார்.

பெரிய நைனாவுக்கும் பக்கத்து மனைக்காரருக்கும் எல்லைத் தகராறு. அந்த வழக்கு நைனாவிடமே வந்து நின்றது. அண்ணன் கேஸை நான் பார்க்கக் கூடாது என்று வேறு கோர்ட்டுக்கு மாற்ற வைத்தார். அது நடந்துகொண்டிருந்தபோதே பெரிய நைனா மாரடைப்பில் போய்விட்டார்.

நைனா போகவில்லை. சாவு வீட்டில் அந்தக் கேஸின் சாட்சிகள் இருப்பார்கள், ஜட்ஜு வந்து நின்றால் கேஸ் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பேசுவார்கள் என்றார். சித்தூர் வீட்டிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். குளியலறையில் அவர் அழுதது எங்களுக்குக் கேட்டது. கல்யாணத்துக்கு வராதவனை நம் ஜனங்கள் மன்னிப்பார்கள், சாவுக்கு வராதவனை மன்னிக்கமாட்டார்கள். அன்றோடு நகரி எங்களுக்கு அற்றுப்போனது.

ஓய்வுக்குப் பிறகு திருப்பதியில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். படுக்கையில் விழுந்தபின் மாலையானால் ஒரே கேள்விதான்.

"நகரியிலேருந்து யாருனா வந்தாங்களாம்மா?"

"வந்துக்கினு இருக்காங்க நைனா" என்று பொய் சொல்வேன். யார் வந்தீர்கள்?

ஒரு காலையில் உயிர் போனது. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. கொள்ளி வைக்கும் முறை பெரிய நைனாவின் மகனுக்கு. போன் செய்தேன்.

"அண்ணே, நைனா பூட்டாருண்ணே. வாண்ணே."

"எங்க நைனா செத்தப்ப உங்க நைனா இன்னா பண்ணாரு? கோர்ட்ல குந்திக்கினு இருந்தாரு. எனக்கும் வேல கீது தங்கச்சி."

"கால்ல உழறேண்ணே!"

வைத்துவிட்டார். நைனாவின் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். அப்போது அவருடைய மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "ஜட்ஜுன்னா சாவு வீட்டுக்குக்கூடப் போகக் கூடாதான்னு ஒருநாள் கிளாஸ்ல கேட்டேங்க்கா. சார் புக்க மூடி வெச்சாரு. அப்புறம், 'போலாம்மா. எனக்குத்தான் தைரியம் வரல'ன்னாரு" என்றாள்.

ஐயோ, இதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! மறுபடி போன் செய்து அண்ணனிடம் அப்படியே சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு துண்டித்துவிட்டார்.

எடுக்கிற நேரத்தில் பெரியம்மா வந்தார்கள், பெரிய நைனாவின் மனைவி. அந்த வயதில் பஸ் ஏறித் தனியாக. அழவில்லை. நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "உன் நாயம் உனக்கு. ஒரு மாலைய போட்டுட்டு பூட்டிருக்கலாமே தம்பி, உன்ன யாரு இன்னா கேட்டிருப்பாங்க?" என்றார்கள். அண்ணன் வரவில்லை. கொள்ளிச்சட்டியை நானே தூக்கினேன்.

நைனா செய்தது தவறு என்று என் வாயால் சொல்லமாட்டேன். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், பாடை சுமந்த மாணவர்களுக்கும், அன்று எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், பெரியம்மாவுக்கும் எங்கள் நன்றி. அண்ணே, உனக்கும் இந்த மலர் தபாலில் வரும். உன் வீட்டு நல்லதுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. நடந்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, தெருவில் நின்று அழுதுவிட்டுப் போகிறேன்.