அப்பா தாண்டிய வரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், படித்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்கிற திமிர் வேறு. நீங்களும் நம்ப மாட்டீர்கள், தெரியும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்குத் துணைப்பாடமாக ஒரு பழைய நாவல். ஒரு படகுக்காரன், அவனை மதிக்காத மகன். எனக்கு அது உயிர். பருத்திப்பட்டு வீட்டில் சத்தம் போட்டுத்தான் படிப்பேன். அப்பா அம்பத்தூரில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர், ஓர் எழுத்து தெரியாது, ஆனாலும் உட்கார்ந்து கேட்பார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது, என் சிநேகிதர்கள் வந்திருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் படகுக்காரன் இன்னா ஆனான், நைனா?"

"கைநாட்டுக்கு இன்னாத்துக்கு கத? போய் மூட்ட தூக்கு."

"செம்ம மாமே!" என்று பையன்கள் சிரித்தார்கள். அப்பா அதன் பிறகு கேட்கவே இல்லை. கடைசி அத்தியாயத்தை அண்ணனூரில் சிநேகிதன் வீட்டில் வைத்து மனசுக்குள் படித்து முடித்தேன். அவர் காதில் விழுந்திருக்கும் என்று பிறகு சொல்லக்கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். எட்டு மாசமாக ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் கைவிரித்த பிறகு, அந்த முடிவையாவது படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஆவடியில் பழைய புத்தகக் கடையில் அதே நாவலைத் தேடி வாங்கினேன். முதலிலிருந்து தினமும் கொஞ்சம் படித்தேன். பள்ளியில் நான் ரசித்துச் சிரித்த மகனின் நக்கலெல்லாம் இப்போது வாயில் வரவே கூசியது.

ஒரு ஞாயிறு மத்தியானம் கடைசி அத்தியாயம். பக்கத்தைத் திருப்பினேன், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். கணீரென்று, அச்சு அசல் புத்தகத் தமிழில்.

"மகன் கரையோரமாக ஓடி வந்தாள்."

'வந்தான்' என்பது அந்தப் பிரதியில் 'வந்தாள்' என்று அச்சுப்பிழையாக இருந்தது. பிழையோடு சொல்கிறார். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து, "யார்ரா பேசிகினு கீறது?" என்று கேட்டவள், அப்பாவைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மேலே சொல்லச் சொல்ல, நான் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே போனேன், ஓர் எழுத்து மாறவில்லை. சாகக் கிடக்கிற படகுக்காரனின் காலை மகன் பிடித்துக்கொள்கிறான். அடுத்த வரி, "உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன், மகனே." அதை அப்பா வாயால் கேட்கப்போகிறேன் என்று, விரலை அந்த வரியில் வைத்தபடி நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அப்பா அதைச் சொல்லவில்லை. அதற்கடுத்த வரியிலிருந்து சொல்லிக்கொண்டே போய் "முற்றும்" என்று முடித்தார்.

"ப்பா, ஒரு வரி உட்டுட்டியே. அத்த மட்டும் சொல்லுப்பா."

வியாழக்கிழமை போய்விட்டார், வேறு பேச்சே இல்லாமல்.

ஏதோ தவறிப்போயிருக்கும் என்கிறார்கள். தவறியிருந்தால் நான் நிம்மதியாக இருப்பேனே. அந்த வரி வந்ததும் அப்பா வாயை மூடினார். அதைப் படிக்க எவ்வளவு நேரமாகுமோ, சரியாக அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அதற்கப்புறம்தான் அடுத்த வரிக்குப் போனார்.