கிளெனிஸின் முட்டைக்கோஸ் வகுப்பு

கிளெனிஸ் போல்டன் வகுப்பெடுக்க எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் வேலையாக அங்கே ஒரு கம்ப்யூட்டர் திரையில் முட்டைக்கோஸ் படம் ஒன்றைப் போட்டுவிடுவாள். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்தில் அவளை முட்டைக்கோஸ்காரி என்றால்தான் தெரியும்.

"இது முட்டைக்கோஸ் இல்ல கண்ணு. குழந்தைய யாரோ பாழாக்கி எடுத்த படம். வேலைக்கு நடுவுல உங்க கண்ணுல பட்டிருச்சு. இப்ப என்ன செய்வீங்க? சொல்ல வேணாம், செஞ்சு காட்டுங்க."

எல்லா ஊரிலும் கை ஒரே மாதிரிதான் போகும். முதலில் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிடும். பிறகு ஒருவர் மேலாளருக்கு அனுப்புவார், ஒருவர் அச்செடுப்பார், ஒருவர் பதறிப்போய் அழிப்பார். கிளெனிஸ் தடுக்கமாட்டாள். எல்லாம் முடிந்த பிறகு எண்ணிச் சொல்வாள்.

"ஒரு முட்டைக்கோஸ் இப்ப ஏழாயிருச்சு. நல்லது செய்யறதா நெனைச்சு ஏழு பேரும் சட்டத்துல மாட்டிக்கிட்டீங்க. வாங்க, டீ குடிப்போம்."

அந்தத் திங்கட்கிழமை ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையில், பொதி கட்டும் பிரிவுப் பெண் ஒருத்தி, "எனக்கு முட்டைக்கோஸே ஆகாது. நான் கண்ணை மூடிக்கறேன்" என்றாள்.

"பாதி விடை சரி கண்ணு. மீதிப் பாதி, வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்றது."

மீதியை அவள் ஓர் அட்டையில் அச்சடித்து வைத்திருந்தாள். யாருக்கும் காட்டாதே. நகலெடுக்காதே. அழிக்காதே. இயந்திரத்தைப் பூட்டிவை. நேரத்தை எழுது. பொறுப்பானவரிடம் சொல். அன்றைக்கே போலீஸ். அட்டையின் பின்பக்கம் தொலைபேசி எண்கள்.

எல்லோரும் போன பிறகும் ஒருவர் தொட்டியடியில் டீக்கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளைவ் டன்னிக்ளிஃப், ஐம்பத்து நாலு வயது, அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். ஒரே கோப்பையை மூன்றாவது முறையாகக் கழுவினார்.

"அது தேஞ்சிரும்" என்றாள் கிளெனிஸ்.

அவர் திரும்பவில்லை. "நகல் எடுத்துட்டா?"

கிளெனிஸ் ஒரு துண்டை எடுத்துப் பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

போன வியாழக்கிழமை விற்பனை மேலாளர், மெதுவாக ஓடுகிறது என்று தன் லேப்டாப்பைக் கொடுத்திருக்கிறார். அதில் அப்படிப்பட்ட படங்கள் இருந்திருக்கின்றன. கிளைவ் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு லேப்டாப்பை அலமாரியில் பூட்டிவிட்டார். மேலாளர் தினமும் கேட்கிறார். உதிரிபாகம் வரவில்லை என்று இவர் சமாளிக்கிறார்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"நான் சொன்னா யாரு நம்புவா? அவரு மேனேஜரு, நான் ஒயரு சொருகறவன். ஆதாரம் வேணும்ல?"

"பென் டிரைவ் எங்க?"

"வீட்டு கராஜுல. பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால." கிளைவின் குரல் இறங்கியது. "என் சம்சாரம் ஹேசல், வீட்டுல ஆறு குழந்தைங்களப் பாத்துக்கறா. வேலைக்குப் போற தாய்மாருங்க விட்டுட்டுப் போவாங்க. இது வெளிய வந்தா அவ லைசென்ஸ் போச்சு. பதினெட்டு வருஷ உழைப்பு. சாயங்காலம் சுத்தியலால அடிச்சுத் தூக்கி வீசிரலாம்னு இருக்கேன்."

கிளெனிஸ் துண்டை வைத்தாள்.

அவளும் முன்பு நகராட்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள்தான். ஒருமுறை ஒரு பழுதுபட்ட கம்ப்யூட்டரில் இதே போலப் பார்த்தாள். அருவருப்பில் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, அதை அதன் சொந்தக்காரனிடமே திருப்பிக் கொடுத்தாள். வகுப்பில் அவள் இதைச் சொன்னதேயில்லை.

"சுத்தம் பண்ணிட்டதா நெனைச்சேன். நாலு வருஷம் கழிச்சு வேற ஊருல பிடிபட்டான். அந்த நாலு வருஷத்துல எத்தனை பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியாது கண்ணு. சுத்தியல எடுக்காதீங்க."

கிளைவ் குழாயை மூடினார்.

"அப்ப ஹேசல்?"

"அவங்ககிட்ட நீங்களே சொல்லணும், வேற யாரும் சொல்றதுக்கு முன்னால. போலீஸ்கிட்ட மொதல்ல பென் டிரைவப் பத்தி சொல்லுங்க, லேப்டாப்பப் பத்தி அப்புறம். நம்ம தப்ப நாமளே முன்னால வெச்சிடணும். அவங்க தேடி எடுத்தா அது வேற கதை."

இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் நேரங்களை எழுதினார்கள். வியாழன் காலை பத்தே கால், லேப்டாப் வந்தது. பத்து ஐம்பது, பார்த்தது. பதினொன்று, நகல். "ஏன் எடுத்தேன்" என்ற வரியில் கிளைவின் பேனா நின்றது. "ஒயரு சொருகறவன்னு சொன்னீங்கல்ல, அதையே எழுதுங்க" என்றாள். அவர் அதையே எழுதினார். தொழிற்சாலைத் தலைவியிடம் மட்டும் சொன்னார்கள். பிறகு கிளைவ் போன் செய்தார், முதலில் போலீசுக்கு, அடுத்து வீட்டுக்கு. இரண்டாவது போனில் அவர் பேசியது மிகக் குறைவு.

பென் டிரைவை யாரும் தொட வேண்டாம், தாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றது போலீஸ். கடைசிக் குழந்தை ஐந்தரைக்குப் போகும், சீருடை இல்லாமல் அதற்குப் பிறகு வர முடியுமா என்று கிளெனிஸ் கேட்டாள். ஒப்புக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு அவள் கிளைவின் வீட்டுத் தெருவில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் வேலையில் சேர்ந்ததல்ல. சீருடை இல்லாத போலீஸ்காரர்கள் இரண்டு பேர் உள்ளே போனார்கள். கராஜ் விளக்கு எரிந்தது, அணைந்தது. வரவேற்பறை விளக்கு ஏழரை வரை எரிந்தது.

அவர்கள் கிளம்பிய பிறகு பருமனான ஒரு பெண் சமையல் ஏப்ரனோடு வந்து கார் கண்ணாடியைத் தட்டினாள். கையில் காகிதம் சுற்றிய தட்டு.

"நீங்கதான் முட்டைக்கோஸா?"

"ஆமா."

"அஞ்சு நாளா பிள்ளைங்க மணல் வாளிக்குப் பக்கத்துல அத வெச்சிருந்திருக்கான் அந்த மடையன். அவன்கிட்ட நான் இன்னும் பேசல. ஒரு வாரமாவது பேசமாட்டேன்." தட்டைச் சன்னல் வழியாக நீட்டினாள். சூடான ஓட்ஸ் தோசைகள், உள்ளே பாலாடைக்கட்டி. "போலீஸ்ல அவனச் சாட்சின்னுதான் எழுதியிருக்காங்க. தானா வந்து சொன்னவன்னு. லைசென்ஸ் ஆபீசுக்குக் காலையில நானே போன் போட்டுச் சொல்றேன், மத்தவங்க சொல்றதுக்கு முன்னால. என்ன ஆகுமோ, பாத்துக்கலாம்."

"அதுதான் சரி கண்ணு."

"தெரியும்." ஹேசல் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சன்னல் திரைக்குப் பின்னால் கிளைவின் நிழல் நின்றிருந்தது. "அழுதிட்டிருக்கான். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க. தட்டு எனக்குத் திரும்ப வேணும்."