ஒரு படிவம் நீக்கப்பட்டது

பட்டம் கைக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே நான் டாக்டர் ஆகிவிட்டேன். ஆக்கியவர் என் மூத்தார், கணவரின் அண்ணன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று நீளுகிற பட்டியலில், என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்து, ஆரணி முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் என்னிடம் ஒன்றை நீட்டினார்.

"நான் இன்னும் தீசிஸே குடுக்கலைங்களே" என்றேன்.

"குடுக்கத்தானம்மா போற? ஜல்தியா குடு" என்றார்.

முடிந்தது. அதுவரை படிப்பைப் பாதியில் விட்டால் படிக்க முடியாதவள் என்று மட்டும்தான் பெயர் வந்திருக்கும். இனிமேல் விட்டால் ஊரை ஏமாற்றியவள்.

அது மருத்துவமனை நிர்வாகத்தில் பிஎச்.டி., பகுதி நேரம். ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நிர்வாக அலுவலர். பலகையில்தான் அந்தப் பெயர். டோக்கன் கொடுப்பது, காப்பீட்டுக்காரர்களோடு சண்டை போடுவது, தண்ணீர் லாரி வராவிட்டால் போன் செய்வது, ஸ்கேன் என்றதும் பயந்து ஓடுகிறவர்களைப் பிடித்து வருவது எல்லாம் நான்தான். மருத்துவமனைக்குச் சொந்தக்காரரான பெரிய டாக்டர் ஒருநாள், "மேல படிங்களேன், நம்ம ஆஸ்பத்திரிக்கும் ஒரு பேரு" என்றார். அவர் சொன்னதற்காகப் படித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கும் ஆசை இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

ஏழு வருடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சென்னைக்குப் பஸ். போகும்போது மடியில் ஒரு அத்தியாயம், வரும்போதும் அதே அத்தியாயம், ஓரமெல்லாம் கைடு அம்மாவின் சிவப்பு மை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை. ஒன்றுமே முன்னேறாத ஆறு மாதத்துக்கும் முன்னேற்ற அறிக்கைதான் எழுத வேண்டும். "இன்னாமா, ஒரே புஸ்தகத்த எத்தினி வருஷமா எழுதிகினு கீற?" என்று என் கணவர் கேலி செய்வார். முதல் இரண்டு வருடம் சிரித்தேன். பிறகு சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைக்க ஆரம்பித்தேன். ஒருமுறை, முடியவில்லை, விட்டுவிடுகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "வுட்டுடு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்று வந்த கோபத்தில் மறுநாளே அடுத்த அத்தியாயத்துக்கு உட்கார்ந்தேன்.

வெளியே தலைகாட்டினால் வேறு தொல்லை. பத்திரிகையைப் பார்த்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து வீங்கிய முட்டியைக் காட்டுவார்கள். ஒரு பெரியவரிடம், "நான் அந்த டாக்டர் இல்லைங்க. ஆஸ்பத்திரிய எப்படி நடத்தணும்னு படிக்கிறேன்" என்று விளக்கினேன். "அதுக்கு ஒரு படிப்பா? நீ டோக்கன் குடுக்கற பொண்ணுதான?" என்றார். அன்று முழுக்க எரிச்சல். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம்.

புலி வாலைப் பிடித்தவள் கதைதான். அந்த நிலையில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இதுதான் கடைசி நீட்டிப்பு, வருட முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

என் தலைப்பு, சிறு நகர மருத்துவமனைக்கு வருகிற புறநோயாளிகளின் திருப்தி. அதற்கு இருபத்தைந்து கேள்வி கொண்ட ஒரு படிவம். காத்திருந்த நேரம், ஊழியர் நடந்துகொண்ட விதம், டாக்டர் விளக்கிச் சொன்னது, கழிப்பறை சுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். ஐந்து என்றால் மிகவும் திருப்தி, ஒன்று என்றால் துளியும் இல்லை. பெரிய டாக்டர் அனுமதிக் கடிதம் கொடுத்தார். முடித்ததும் ஒரு பிரதியை மருத்துவமனைக்குத் தர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தார். எங்களிடம் வந்து போன முந்நூறு பேரை ஆரணியிலும் சேவூரிலும் வீடு வீடாகத் தேடிப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேள்வி கேட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது.

பதில்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்து, ஐந்து, ஐந்து. கழிப்பறைக்கும் ஐந்து. அந்தக் கழிப்பறைக்குள் நானே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

கைடு அம்மா நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது டேட்டா இல்லம்மா. உங்க ஊர் உங்களுக்கு அனுப்பியிருக்கற வாழ்த்து மடல்" என்றார். "எல்லாரும் ஒரே பதில் சொன்னா எதை எதோட ஒப்பிடுவீங்க? போய் மறுபடியும் கேளுங்க. உண்மையச் சொல்லச் சொல்லுங்க." திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, "சாவுக்காம்மா போற?" என்று விசாரித்தார்.

மறுபடியும் போனேன். ஒரு நெசவாளர் தறியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "தோ பாரும்மா. நான் நெய்ஞ்ச சேலைய மொதலாளி விரிச்சிப் போட்டு குத்தம் தேடுவாரு. ஒரு இழ போயிருந்தா போதும், மூஞ்ச சுளிச்சிகினு ஓரமா தள்ளுவாரு. அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். உன் சேலையில நான் குத்தம் சொல்லுவனா?"

"இது என் சேலை இல்லைங்க, ஆஸ்பத்திரியோட சேலை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பரிச்ச உனுக்குத்தான?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஊரைப் பொறுத்தவரை பரீட்சை எழுதுவது நான், மார்க் போடுவது அவர்கள். நம்ம ஊர்ப் பெண்ணை ஃபெயிலாக்க யாருக்கு மனசு வரும்? என் கெஞ்சலைப் பார்த்து இரக்கப்பட்டுச் சிலர், "சரி, நீ இவ்ளோ கேக்கறியேன்னு ஒண்ணு கொறச்சிட்டேன்" என்று நான்கு போட்டார்கள். அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார்கள். அன்பிலும் மூச்சு முட்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சேவூரில் ஒரு அக்கா வீட்டுக்கு மட்டும் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். முதல் தடவையும் நான் போகவில்லை, தெரிந்தவர் ஒருவரிடம் படிவத்தைக் கொடுத்தனுப்பினேன். அந்த அக்காவின் கணவர் ஒரு திங்கட்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர். வாயுவாக இருக்கும் என்று டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தோம். வரிசை நகர நேரமானது. பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் ஓடினோம். வேலூருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினோம். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த அக்காவும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு அனுப்பியிருந்தார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா எல்லாத்துக்கும் அஞ்சு போட்டீங்க?"

"நீ பாஸாவணும்னுதான்."

"உண்மையச் சொன்னாதான்க்கா நான் பாஸாவேன்."

ராட்டை நின்றது. "நெசமாவா? உனுக்கு ஒண்ணும் பேஜாரு வராதே?"

"வராதுக்கா."

"அப்ப எழுதிக்க."

ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி. மற்ற எல்லோரும் வெறும் கோடு போட்டிருந்த இடம். அவர் நிதானமாகச் சொன்னார்:

"எங்குளுது பதினேழு டோக்கன். அப்ப உள்ள பன்னண்டு. பட்டுக்கட மொதலாளி ஊட்டம்மா கார்ல வந்தாங்க, டோக்கன் இல்லாம. நீதான் கதவ தெறந்து உள்ள அனுப்பிச்ச. அதுக்கப்புறம் இன்னொருத்தரு. நான் எழுந்து வந்து, அவுருக்கு வேர்க்குதும்மான்னு சொன்னேன். உக்காருங்க, கூப்புடறேன்னு சொன்ன."

குரலில் கோபமே இல்லை. எங்கே மறந்துவிடுமோ என்று மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒப்பிப்பது போலச் சொன்னார். "எல்லாத்தியும் எழுதிகினியா? ஒண்ணும் வுட்டுடலியே?"

"எழுதிட்டேன்க்கா." பெரிய டாக்டர்தான் போன் செய்து அவர்களை முதலில் அனுப்பச் சொன்னார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. கதவைத் திறந்தது என் கை. கிளம்பும்போது, "நல்லா வருவ, போ" என்றார்.

கணக்குப் போட்டுக் கொடுக்கச் சென்னையில் ஒருவர் இருந்தார். ஆய்வு செய்கிற பாதிப் பேருக்கு அவர்தான் புள்ளியியல். எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நாலும் அஞ்சும் கலந்து இருக்கு, சமாளிச்சிடலாம் மேடம். ஆனா இந்த ஒரு ஃபாரம் மட்டும் தனியா நிக்குது. அவுட்லையர். இத எடுத்துட்டா ரிசல்ட் சுத்தமா வரும். எல்லாரும் பண்றதுதான்" என்றார்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பொய்யை வைத்துக்கொண்டு ஒரே ஒரு உண்மையை எடுக்கச் சொல்கிறார் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இன்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்தப் படிவம் உள்ளே இருந்தால் பெரிய டாக்டர் மேசைக்குப் போகிற பிரதியிலும் அது இருக்கும். வேலை போகும். அதைவிடப் பெரிய பயம், அதில் வருகிற 'நீ' யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கைடு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. புள்ளியியல்காரர் மேல் பழி போட எனக்கு வழியில்லை. நான் தேடிக்கொண்டிருந்த சாக்கை அவர் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். "எடுத்துடுங்க" என்றேன்.

எடுத்ததற்குக் காரணம் ஒரு வரியாவது எழுத வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் எழுதினேன்: 'முழுமையாக நிரப்பப்படாத ஒரு படிவம் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.' என்னிடம் இருந்தவற்றில் முழுமையாக நிரப்பப்பட்டது அது ஒன்றுதான்.

வாய்மொழித் தேர்வில் அடிக்குறிப்புகளைப் பற்றிக் கேட்டார்கள், முந்நூறு பேர் எப்படிப் போதும் என்று கேட்டார்கள். அந்த ஒரு வரியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்றும் இருந்தது. யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள். மூத்தார் காந்தி சாலை பக்கம் பேனர் வைத்தார், என் படத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கி. பட்டம் வந்தால் விடுதலை என்று ஏழு வருடம் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, வைத்துக்கொள்ளவும் மனசு ஒப்பவில்லை. பெயருக்கு முன்னால் அது வந்துகொண்டே இருக்கிறது.

இந்த வருடம் மருத்துவமனை தரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது. நோயாளிகளிடம் கருத்துப் படிவம் வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பு டாக்டர் பட்டம் வாங்கியவள் தலையில் விழுந்தது. ஒரு காலையில் காத்திருந்தவர்களுக்குப் படிவம் கொடுத்துக்கொண்டே வந்தேன். சேவூர் அக்கா ரத்த அழுத்த மாத்திரைக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் நல்லா கீதுன்னு போட்டுடவாங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அதெல்லாம் வாணாம். நெசத்த எழுது. இந்தம்மா கோச்சிக்காது. எங்க ஊட்டுக்காரரு செத்தத நான் அப்டியே சொன்னேன். ஒண்ணு வுடாம எழுதிகினு போயி புஸ்தகத்துல போட்டுச்சி." பிறகு என் பக்கம் திரும்பி, "போட்ட இல்ல?" என்றார்.

"போட்டேன்க்கா" என்றேன்.

அந்தப் பெண் குழந்தையை அக்கா மடியில் கொடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். நிறைய எழுதினாள். முடித்ததும் மடிக்காமல் என் கையில் கொடுத்தாள்.