தலை ஆடிக்கு எந்தச் சாராயம்

தலை ஆடிக்குப் புது மாப்பிள்ளையை அழைத்தால் கறிச்சோறு போடுவது மாமியார் பொறுப்பு. ஊற்றிக் கொடுப்பது மச்சான் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கடைகளையெல்லாம் மூடி மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த காலம் அது. அதற்காக மச்சான் கையை விரித்துவிட முடியுமா? ஊர் சிரிக்காதா?

தங்கைக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். அவள் புருஷனுக்கு மெட்ராஸில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் வேலை. பொடி எழுத்தைக்கூட வெறும் கண்ணால் பொறுக்கிவிடுவார் என்று அவள் பீற்றிக்கொள்வாள். அன்று காலை அவர் பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் நான் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன்.

போவதற்கு இரண்டு இடம் இருந்தது. மணிமங்கலம் ஏரிக்குப் பின்னால் ஓர் அம்மா காய்ச்சினாள். வேலம்பட்டையும் வெல்லமும் போட்ட ஊறல். சகிக்க முடியாத நாற்றம். குடித்தவன் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று சுங்குவார்சத்திரம் தாண்டி, முள்ளுக்காட்டுக்குள். புதிதாக ஒருத்தன் விற்கிறான் என்றார்கள். அங்கே அடுப்புமில்லை, பானையுமில்லை. எங்கிருந்தோ டின்னில் வருவதைத் தண்ணீர் கலந்து ஊற்றினான். அதைத்தான் நாங்கள் கம்பெனி சரக்கு என்று பெருமையடித்துக்கொண்டோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஏரிக்கே போலாம் மச்சான். நாறுனா நாறிட்டுப் போவுது. கண்ணெதிர காய்ச்சறத பாத்துக்கினே குடிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"மெட்ராஸ் மாப்ளைக்குப் பட்ட ஊறலா? எம் மானம் இன்னாத்துக்கு ஆவறது? சும்மா குந்து மாப்ள!" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் மேற்கே, சுங்குவார்சத்திரம் பக்கம் மிதித்தேன்.

முள்ளுக்காட்டில் அந்த ஆள் ஒரு தகர மூடியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினான். புகையே இல்லாமல் நீலமாக எரிந்தது. எங்களுக்கெல்லாம் அதுதான் பரீட்சை. நீலமாக எரிந்தால் சுத்தமான சரக்கு, பேச்சே இல்லை. விஷமும் அதே நீலத்தில்தான் எரியும் என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? "பாத்தியா மாப்ள!" என்று நான் அவர் முதுகில் தட்டினேன்.

விருந்தாளி போதும் என்று சொல்லும்வரை ஊற்றுகிறவன் தன் கிளாஸைத் தொடக்கூடாது. அதுவும் எங்கள் வழக்கம். மாப்பிள்ளை இரண்டோடு போதும் என்றார். நான் விடவில்லை. நான்கு கிளாஸ் ஊற்றினேன். அதற்குள் திரும்பிச் சைக்கிள் மிதிக்கும் நேரமாகிவிட்டதால் நான் ஒரே ஒரு மடக்குதான் குடித்தேன். அந்த மரியாதைதான் என்னைக் காப்பாற்றியது.

மதியம் கறிச்சோறு நன்றாகத்தான் சாப்பிட்டார். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வாந்தி நிற்கவில்லை. "எல்லாம் வெள்ளையா கீது மச்சான், சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி" என்றார். பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நேராக என்னைத்தான் கேட்டார், "சாராயம் குடிச்சானா?" என்று. பக்கத்தில் தங்கை நின்றாள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"இல்லீங்க, கறி ஒத்துக்கல" என்றேன்.

படுக்கையில் கிடந்தவர் அதைக் கேட்டார். என்னைப் பார்க்க முயன்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாந்திக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் காலை அவர் முகத்துக்கு எதிரே நான் கையை ஆட்டினேன். கண் திறந்தே இருந்தது, இமைகூட அசையவில்லை. அப்புறம்தான் ஓடிப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா கொஞ்சமாவது பார்வைய மிச்சம் புடிச்சிருக்கலாமேய்யா, பாவி!" என்று கத்தினார். அவர் திட்டியது போதாது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

நான் வார்டுக்குத் திரும்பும்போது, டாக்டர் போட்ட சத்தத்தில் விஷயம் தெரிந்துபோய், ஏன் குடித்தீர்கள் என்று தங்கை அவரை உலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்றுவிட்டேன்.

"மச்சான் வேணாம் வேணாம்னு தலபாடா அட்ச்சிக்கினாரு. நான்தான் கேக்கல" என்றார் அவர்.

ஏன் அப்படிச் சொன்னாரோ, இதுவரை நான் கேட்டதில்லை. தங்கை நம்பிவிட்டாள். அச்சாபீஸ் வேலை போய்விட்டது. இருவரும் எங்களோடே வந்து தங்கிவிட்டார்கள். அவர் கையைப் பிடித்துச் சோற்றுத் தட்டில் வைக்கும்போதெல்லாம் அவள் அலுத்துக்கொள்கிறாள்: "எங்கண்ணன் பேச்ச அன்னிக்கிக் கேட்டிருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?"

அவர் தலை குனிந்தபடி பிசைகிறார். அவள் என் பக்கம் திரும்பி, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுகிறாள். நானும் சாப்பிடுகிறேன்.